பழைய பி450 பெட்டிக்கு ஆர்எக்ஸ் 6600-உம் 16 ஜிபி ராமும்: போட்ட காசுக்குப் பலன் உண்டா?

2019, 2020 வாக்கில் அசெம்பிள் செய்த கேமிங் பெட்டிகளில் இந்தக் கூட்டணியை நிறையப் பார்க்கலாம்: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. பட்ஜெட்டில் பெரும்பகுதி பிராசஸருக்கும் போர்டுக்கும் போய்விட, மிச்சத்தில் ராமும் கார்டும் வாங்கிய பெட்டி. பிராசஸர் இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறது. 6 கோர், 12 த்ரெட். மூச்சு வாங்குவது மற்ற இரண்டும்தான். போதாக்குறைக்கு, 1050 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு கேம் ரெடி டிரைவர் (புதுக் கேம்களுக்கு ஏற்ற கார்டு மென்பொருள்) தருவதை என்விடியா நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

அந்தப் பெட்டிக்குள் சபையர் பல்ஸ் ஆர்எக்ஸ் 6600 கார்டையும், கோர்சேர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் டிடிஆர்4 3200 ராம் ஜோடியையும் (8+8) போட்டால் என்ன கிடைக்கும், எங்கே சொதப்பும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 1080பி மானிட்டரில் விளையாடுபவருக்கு இது கைமேல் பலன் தரும் மாற்றம். "கார்டு மாத்தியும் ஒண்ணும் பெருசா மாறல" என்று புலம்புகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், பல நேரம் கார்டு மேல் தப்பு இருக்காது. ராம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும், அல்லது பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஒரு ஆப்ஷன் ஆஃபில் கிடக்கும்.

அதனால் ராமிலிருந்தே ஆரம்பிப்போம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். வலது பக்கம் கீழே இரண்டு விஷயம் இருக்கும்: வேகம், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது. நான்கில் ஒன்று, வேகம் 2133 என்று இருந்தால் நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. ஒரு டிடிஆர்4 ஸ்டிக்கின் பாதை 64 பிட் அகலம். 2133 வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 17 ஜிபி தரவைக் கடத்தும். 3200 வேகத்தில் இரண்டு ஸ்டிக் டூயல் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடினால் 51.2 ஜிபி. பாதையே மூன்று மடங்கு. ரைசன் 3000 வரிசையில் இன்னொரு கணக்கும் உண்டு. பிராசஸருக்குள் இருக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு, ராமின் கடிகாரத்தோடு கை கோத்து ஓடும். ராம் 2133-இல் நின்றால் ஃபேப்ரிக்கும் 1066 மெகாஹெர்ட்ஸிலேயே தேங்கும். 3200-க்கு ஏற்றினால் அதுவும் 1600-க்கு ஏறும். ஒற்றை ஸ்டிக்கில் சராசரி ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம்) ஓரளவு இருந்தாலும், திரும்பும்போதும் சண்டை மூளும்போதும் சட்டென்று இழுத்துப் பிடிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி பிராசஸரை நம்பி ஓடும் கேம்களில் கார்டைத் தொடாமலேயே இந்த ஒரு மாற்றத்தின் வித்தியாசம் தெரியும்.

அளவு விஷயம் தெரிந்ததுதான். விண்டோஸ் 11, ஒரு பிரவுசர், டிஸ்கார்டு மூன்றுமே 8 ஜிபியில் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்துக்குள் அடங்காத கேம், ராமுக்குப் பதிலாக டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குப் போய் வரும். அது ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கதை முடிந்தது. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம் த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் குறைந்தபட்சத் தேவையிலேயே 16 ஜிபி கேட்கின்றன.

எல்பிஎக்ஸைப் பற்றி: விளக்கு கிடையாது, உயரம் குறைவு, பெரிய ஏர் கூலருக்கு அடியிலும் நுழைந்துவிடும். பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் செருகியவுடன் 2133-இல்தான் எழும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆன் செய்தால்தான் 1.35 வோல்ட்டில் 3200 வரும். ஆசுஸ் போர்டில் அதன் பெயர் டிஓசிபி, எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் 2133-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

"இருக்கிற 8 ஜிபி ஸ்டிக்கோட இன்னொண்ணு வாங்கிப் போட்டா போதாதா?" நியாயமான கேள்வி. போதலாம், ஆனால் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். கோர்சேர் ஸ்டிக்கரில் "வெர்" என்று ஒரு எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் உள்ளே இருக்கும் சிப் யாருடையது என்று சொல்லும்: 3 என்றால் மைக்ரான், 4 சாம்சங், 5 ஹைனிக்ஸ், 8 நான்யா. மாடல் எண் ஒன்றாகவே இருந்து, வெர் 4-இல் தொடங்கும் ஸ்டிக்கோடு 8-இல் தொடங்கும் ஸ்டிக்கைச் சேர்த்தால், 2133-இல் சமர்த்தாக ஓடிவிட்டு எக்ஸ்எம்பி போட்டதும் அடம்பிடிக்க வாய்ப்பு உண்டு. வேகம் வேறாக இருந்தால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். சேர்த்தே விற்கும் ஜோடியை கம்பெனியே ஒன்றாகச் சோதித்து அனுப்புகிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது அதற்குத்தான்.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசை இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ரைசன் 3000-இல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் சிப்கள் ஒரே தொகுதியாக உள்ள சிங்கிள் ரேங்க் ஸ்டிக்குக்கு 2933, இரண்டு தொகுதியாக உள்ள டூயல் ரேங்க்குக்கு 2667. அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். நாளைக்கு 32 வேண்டும் என்று இப்போதே தோன்றினால் 16+16 ஆகவே வாங்குங்கள்.

விலைதான் இப்போதைய தலைவலி. 2025 கடைசியில் இருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது. ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் தொழிற்சாலைகள் திரும்பியதால் வந்த வினை. மைக்ரான் 2025 டிசம்பரில் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டது. இந்த நிலையில் செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 ஜோடி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ராம் அவ்வளவு சீக்கிரம் தேயும் பொருள் அல்ல. ஆனால் வாங்கிய அன்றே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, எக்ஸ்எம்பி ஆனில் வைத்து, நான்கு சுற்று ஓட விடுங்கள். 16 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. பிற்பாடு கேம் கிராஷ் ஆகும்போது கார்டையும் டிரைவரையும் திட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

செருகும்போது

ராம் ஜோடியைப் போட வேண்டியது, பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். போர்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும். முதல் இரண்டு ஸ்லாட்டில் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். 16 ஜிபி காட்டும், டூயல் சேனல் இருக்காது. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் டூயல் என்று வருகிறதா பாருங்கள். அங்கே காட்டும் அதிர்வெண் 1600 ஆக இருந்தால் பதற வேண்டாம். டிடிஆர் கணக்கில் அதன் இரட்டிப்புதான் 3200.

சில போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் அசையும். கிளிப் இல்லாத பக்கம் முழுதாக இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்பது சகஜம். இரண்டு முனையையும் கட்டை விரலால் தனித்தனியாக அழுத்தி, "டக்" சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள். பவர் போட்டதும் திரை கறுப்பாகவே இருந்து, ஃபேன் நின்று நின்று இரண்டு மூன்று முறை சுற்றினால் உடனே பிடுங்க வேண்டாம். போர்டு புது ராமோடு பழகிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கொடுங்கள். அதற்கும் மேல் போர்டில் டிராம் என்ற விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், கழற்றி, தங்க முலாம் பூசிய முனையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். சர்வீஸ் கடையில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் ஊதிவிட வேண்டும்.

பவர் சப்ளையைப் பார்க்காமல் கார்டு வாங்காதீர்கள்

1050 டிஐ ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டை உறிஞ்சி ஓடும் கார்டு. பல மாடல்களில் தனி ஒயரே கிடையாது. அதனால் இந்தப் பெட்டிகளில் கேபினெட்டோடு "ஃப்ரீயாக" வந்த எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையே இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும். ஆர்எக்ஸ் 6600-இன் மொத்தத் தேவை 132 வாட், ஒரு 8 பின் இணைப்பு வேண்டும். ஏஎம்டி பரிந்துரைப்பது 450 வாட் சப்ளை.

450 என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்க 216 வாட். அவ்வளவுதான் அதன் சத்து, வெளியே என்ன எழுதியிருந்தாலும். ஒழுங்கான 450 வாட் சப்ளையில் இந்தக் கட்டத்தில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். நம் பெட்டியின் கணக்கு இது: ரைசன் 5 3600 முழு வேகத்தில் 88 வாட் வரை, கார்டு 132, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50, 60. ஆக 280 வாட் சுற்று வட்டாரம். நல்ல 450 தாராளம். 550 வாங்கினால் அடுத்த கார்டுக்கும் ஆகும்.

8 பின் ஒயர் இல்லை என்றால் பழைய நான்கு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டரைக் கடையில் நீட்டுவார்கள். வாங்க வேண்டாம். 8 பின்னில் 150 வாட் வரை போகலாம் என்பது விதி; மெல்லிய மோலெக்ஸ் ஒயரும் பின்னும் அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதற்கு யாரும் கேரண்டி தர மாட்டார்கள். இன்னொரு குழப்பம்: பிராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிராசஸருடையது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்திப் பார்க்கக் கூடாது.

அடிக்கடி கரண்ட் போகும் ஊர்க்காரர்கள் யூபிஎஸ்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் உண்மையில் 360 வாட்தான் தாங்கும். 280 வாட் பெட்டி, சப்ளையின் நஷ்டத்தையும் சேர்த்தால் சுவரிலிருந்து 330 பக்கம் இழுக்கும். மானிட்டர் சேர்ந்தால் விளிம்புக்கு வந்துவிடும். கேம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ, 600 வாட் இருந்தால் கவலை இல்லை.

இனி கார்டு

ஆர்எக்ஸ் 6600 வந்தது 2021 அக்டோபரில், அறிவித்த விலை 329 டாலர். 1792 ஸ்ட்ரீம் பிராசஸர் (கணக்குப் போடும் குட்டி அலகுகள்), 8 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி, அதற்கு 128 பிட் அகலப் பாதை, நொடிக்கு 224 ஜிபி, அந்தக் குறுகலைச் சமாளிக்க இன்ஃபினிட்டி கேஷ் என்ற 32 எம்பி உள் மெமரி. சபையர் பல்ஸ் மாடல் 193 மில்லிமீட்டர் நீளம்தான், இரண்டு ஃபேன். ஜிகாபைட் ஈகிள் மூன்று ஃபேனோடு 282 மில்லிமீட்டர் வரும். பழைய கேபினெட்டில் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் கூண்டு துருத்திக்கொண்டிருந்தால் பெரிய கார்டு முட்டும். கார்டு பொருந்தும் பின்பக்கப் பட்டையிலிருந்து கூண்டு வரை அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 132 வாட்டுக்கு மூன்று ஃபேன் அவசியமும் இல்லை; பல்ஸ் சும்மா இருக்கும்போது ஃபேனையே நிறுத்திவிடும்.

இந்தப் போர்டுக்கு இந்தக் கார்டு ஏன் பொருந்துகிறது என்பதற்கு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) கணக்கு முக்கியம். 6600 எட்டு லேனில் ஓடும் கார்டு. பி450 தருவது பிசிஐஇ 3.0, எட்டு லேனில் நொடிக்குச் சுமார் 7.9 ஜிபி. கார்டின் சொந்த மெமரியான விஆர்ஏஎம்மின் 8 ஜிபிக்குள் கேம் அடங்கும்வரை இது போதும். இதன் தம்பி 6500 எக்ஸ்டி-யில் நான்கே லேன், 4 ஜிபி மெமரி. பழைய போர்டில் அது பாதிப் பாதையில் ஓடும். மெமரி நிரம்பியதும் அந்தக் குறுகலில் நெரிசல். அதோடு வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் இல்லை, ரெக்கார்டிங் பாரம் பிராசஸர் மேலேயே விழும். விலை குறைவு என்று பி450-இல் அதை மாட்டுவது காசைக் கரியாக்குவது.

கார்டைப் போடும் முன்னே மென்பொருள் வேலையை முடித்துவிடுங்கள். பயாஸ் பழையதாக இருந்தால் இப்போதே அப்டேட். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, யூபிஎஸ் இணைப்பில் வைத்து. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். பயாஸ் அப்டேட்டில் எஃப்டிபிஎம் (அந்தப் பூட்டின் சாவி இருக்கும் பகுதி) அழிந்து, அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அப்டேட்டுக்குப் பின் எக்ஸ்எம்பி தானாக ஆஃப் ஆகியிருக்கும், மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுகிறோம் என்பதால் பழைய டிரைவரை டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் துடைத்து எடுப்பது நல்லது. அதற்கு முன் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஏஎம்டியின் அட்ரினலின் டிரைவரை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் அப்டேட் பின்வாசல் வழியாக ஒரு பழைய டிரைவரைக் கொண்டுவந்து வைக்கும். அட்ரினலின் ஃபைலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருக்கும், பிராசஸருக்கு அருகே உள்ள நீள ஸ்லாட்தான் கார்டுக்கானது. கீழே அதே நீளத்தில் இன்னொன்று இருக்கும். காற்று நன்றாக வரும் என்று அதில் மாட்டுபவர்கள் உண்டு. பி450-இல் அது பெரும்பாலும் சிப்செட் வழியாக வரும் பிசிஐஇ 2.0, நான்கு லேன். நொடிக்கு 2 ஜிபிதான். மாட்டி முடித்ததும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் கட்டத்தைப் பாருங்கள். அங்கே பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட விட்டால் எட்டு லேன், 3.0 என்று வர வேண்டும். டெஸ்ட் ஓடாதபோது 1.1 என்று காட்டினால் அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் தூக்கம், கோளாறு அல்ல. 16-க்குப் பதில் 8 என்று காட்டுவதும் கோளாறு அல்ல, கார்டே அப்படித்தான்.

பிறகு அந்த நித்தியத் தவறு: மானிட்டர் கேபிளை போர்டில் செருகுவது. ரைசன் 3600-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் திரை இருட்டாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். 3400ஜி மாதிரி பிராசஸரில் படம் வந்துவிடும். புதுக் கார்டு சும்மா தூங்க, கேம் பழையபடி திணறும். 6600-இல் விஜிஏவும் டிவிஐயும் கிடையாது. பல்ஸில் இருப்பது ஒரு எச்டிஎம்ஐ, மூன்று டிஸ்ப்ளேபோர்ட். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர் கன்வெர்ட்டருக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்து, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். பல பெட்டிகளில் அது 60-லேயே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது ரீசைஸபிள் பார். ஏஎம்டி இதை ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி என்கிறது. பிராசஸர் கார்டின் 8 ஜிபியை 256 எம்பி சன்னல் வழியாக எட்டிப் பார்க்காமல் முழுதாகக் கையாள விடும் வசதி. ரைசன் 3600-உம் புது பயாஸ் போட்ட பி450-உம் இதைத் தாங்கும். 3200ஜி, 3400ஜி தாங்காது. பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைஸ் பார் இரண்டையும் ஆன் செய்து, சிஎஸ்எம்மை (பழைய பூட் முறைக்கான ஆதரவு) அணைக்க வேண்டும். பொறி அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் பழைய எம்பிஆர் டிஸ்க் முறையில் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்எம் அணைந்ததும் பெட்டி பூட் ஆகாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க்கின் பண்புகளைத் திறந்து எம்பிஆரா, புது முறையான ஜிபிடியா என்று முதலில் பாருங்கள். எம்பிஆர் என்றால், விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்-டூ-ஜிபிடி கருவியால் தரவு அழியாமல் மாற்றலாம், பேக்கப் எடுத்துவிட்டுத்தான். இதே மாற்றம் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் கேட்கும் செக்யூர் பூட்டுக்கும் தேவை என்பதால் உழைப்பு வீண் போகாது.

ஓட்டிப் பார்த்தால்

1050 டிஐயோடு ஒப்பிட்டால் 6600 ஏறத்தாழ மூன்று மடங்கு பலம். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு ஒரு படி கீழே. 1080பி-யில் பெரும்பாலான கேம்களை ஹை அமைப்பில் 60 ஃபிரேமுக்கு மேல் தள்ளும். போட்டி கேம்களில் கார்டு களைக்கும் முன்பே பிராசஸர் களைத்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: அட்ரினலின் ஓவர்லேயில் ஜிபியு பயன்பாடு 70, 80 சதவீதத்தில் நின்று, ஃபிரேமும் மானிட்டரின் ஹெர்ட்ஸைத் தொடாவிட்டால் தடுப்பது பிராசஸர். அங்கே கிராஃபிக்ஸைக் குறைத்துப் பயனில்லை. ரைசன் 5 5600 இதே போர்டில், இதே ராமோடு உட்காரும்.

8 ஜிபி விஆர்ஏஎம் இதன் கூரை. 2023-க்குப் பின் வந்த சில பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அல்ட்ராவில் வைத்தால் 8 ஜிபியைத் தாண்டும். தாண்டிய தரவு ராமிலிருந்து அந்த 7.9 ஜிபி பாதையில் வர வேண்டும். சராசரி 60 காட்டும்போதே படம் வெட்டி வெட்டி இழுக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகும். 1080பி-யில் கண்ணுக்கு வித்தியாசமும் அதிகம் தெரியாது. ரே ட்ரேசிங் (ஒளியை நிஜம் போலக் கணக்கிடும் முறை) இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆன் செய்து மகிழ முடியாது. ஆனால் அந்த வன்பொருள் உள்ளே இருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. இண்டியானா ஜோன்ஸும் டூம் த டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாமல் ஓடவே ஓடாது. இரண்டின் குறைந்தபட்சப் பட்டியலிலும் ஏஎம்டி பக்கம் எழுதியிருப்பது இதே 6600. செகண்ட் ஹேண்டில் வரும் 5700 எக்ஸ்டி சாதாரண கேம்களில் இதற்குச் சளைத்ததல்ல, ஆனால் இந்த வாசலைத் தாண்டாது.

ஃபிரேமைக் கூட்டும் ஏஎம்டி தொழில்நுட்பமான எஃப்எஸ்ஆர், 3 வரை வேலை செய்யும். எஃப்எஸ்ஆர் 4-ஐ 2025-இல் ஏஎம்டி ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று வைத்துக்கொண்டது. 2025 அக்டோபர் கடைசியில் 5000, 6000 வரிசைகளைத் தனி டிரைவர் கிளைக்கு ஒதுக்கியபோது பயனர்கள் கொதித்தார்கள். புதிய கேம்களுக்கான ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி விளக்கம் கொடுத்தது. தொடரட்டும். ஆனாலும் 2021-இல் வந்த கார்டை வாங்குகிறோம் என்ற தெளிவோடு வாங்க வேண்டும்.

சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட்டில் எந்தக் கார்டும் கொதிக்கத்தான் செய்யும். அட்ரினலினில் வோல்டேஜை 25 மில்லிவோல்ட் வீதம் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டிரைவர் டைம் அவுட் (டிரைவர் பதில் தராமல் திரை உறைவது) வந்தால் ஒரு படி மேலே. சூடும் சத்தமும் குறையும், ஃபிரேம் குறையாது. வோல்டேஜைத் தொடாமலேயே டைம் அவுட் வருகிறது என்றால், கார்டைத் திருப்பி அனுப்பும் முன் எக்ஸ்எம்பியை அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போது வராவிட்டால் குற்றவாளி ராம்.

வேறு எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ மாடல் விளையாட்டு எல்லாம் சேர்த்துச் செய்பவர் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பக்கம் போகலாம். 170 வாட் கேட்கும், 16 லேனும் பயன்படுத்தும், இந்த வேலைகளுக்கான மென்பொருள்கள் நம்பும் க்யூடா இருக்கிறது. ஸ்ட்ரீமிங்குக்கும் என்விடியாவின் என்கோடரே மேல். புதிதாகவே வேண்டும், கையில் இன்னும் கொஞ்சம் காசு இருக்கிறது என்றால் ஆர்டிஎக்ஸ் 4060: 115 வாட், எட்டு லேன், டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் (இடை ஃபிரேம்களைத் தானே உருவாக்கும் வசதி). இன்டெல் ஆர்க் பி580 காகிதத்தில் கவர்ச்சிதான், 12 ஜிபி. ஆனால் ரீசைஸபிள் பார் இல்லாமல் அதை ஓட்டக்கூடாது. 3600 போன்ற பழைய பிராசஸரில் அதன் டிரைவர் பிராசஸரையே தின்கிறது என்பது 2025 ஜனவரி சோதனைகளில் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தப் பெட்டிக்கு வேண்டாம். பவர் ஒயரே இல்லாத, சிறிய சப்ளை உள்ள ஆபீஸ் பெட்டிக்கு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி; 70 வாட், ஸ்லாட்டிலிருந்தே ஓடும்.

ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கும்போது சபலம் வரும். பெட்டியில் 2048எஸ்பி என்று பொடி எழுத்து இருந்தால் அது 570-க்கு மாட்டிய முகமூடி. அசல் 580-இல் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர். ஜிபியு-இசட்டில் ஷேடர் கட்டத்தைப் பார்த்தால் பூனைக்குட்டி வெளியே வந்துவிடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் சீரியல் நம்பர் ஏற வேண்டும். "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும் சார்" என்பது கேட்க இனிமையாக இருக்கும்; வாரன்ட்டிக்குப் போகும் அன்று கசக்கும். செகண்ட் ஹேண்ட் 6600 என்றால் கடையிலேயே பதினைந்து நிமிடம் லோடு கொடுத்து, இரண்டு ஃபேனும் சுற்றுகிறதா, ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) 100 டிகிரியைத் தாண்டுகிறதா, நான்கு போர்ட்டிலும் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கழற்றிய 1050 டிஐயைத் தூக்கிப் போட வேண்டாம். தனிப் பவர் ஒயர் கேட்காத மாடலாக இருந்தால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாராவது வாங்கிக்கொள்வார்கள். புது ராம் மெம்டெஸ்ட்டில் பாஸாகி, புதுக் கார்டு ஒரு வாரம் தொல்லையில்லாமல் ஓடும்வரை மட்டும் அதையும் பழைய 8 ஜிபி ஸ்டிக்கையும் அலமாரியில் வைத்திருங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் எது பழுது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க அந்த இரண்டும்தான் கைகொடுக்கும்.